பங்களா மரத்து முள்

என் வலது குதிக்காலுக்குள் ஒரு முள் இருக்கிறது. வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பெருவிரலால் அழுத்திப் பார்த்தால் பயறு அளவில் ஒரு கட்டி அகப்படும். கோடையில் அது தன் பாட்டில் கிடக்கும். மாரி தொடங்கி நிலம் ஈரமானதும், காலையில் கட்டிலால் இறங்கிக் காலை ஊன்றுகிறபோது, நான் இன்னும் இருக்கிறேன் என்று சொல்லும். பெரியாஸ்பத்திரியில் ஒரு டொக்டர் பார்த்துவிட்டு, "கீறி எடுக்கலாம் அம்மா, ஆனால் எலும்போட கிடக்குது, நடக்கக் கனநாள் செல்லும்" என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். நடக்காமல் ஓரிடத்தில் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். இனியும் ஒருமுறை அப்படி இருக்க என்னால் ஏலாது. இந்த முள் என் மாமி, என் புருசனைப் பெற்ற தாய், வளர்த்த மரத்தினுடையது. அவரைப் பற்றித்தான் எழுத இருக்கிறேன். நான் எழுத்துக் கூட்டி எழுதுகிற ஆள். ஆறுதலாகத்தான் வரும்.

நான் பிறந்தது தம்பலகாமத்தில். வயல் வெளி. வாசலில் நின்றால் கண் எட்டுகிற தூரம் எல்லாம் எங்களுடையது போலத் தோன்றும். யார் எந்த வரம்பில் நடக்கிறார் என்று நடையை வைத்தே சொல்லுவோம். சுதந்திரம் கிடைத்துவிட்டது என்று ஊரெல்லாம் கதைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் எனக்குக் கலியாணம் நடந்து, சீனன்குடாவுக்கு வந்தேன். அங்கே வெள்ளைக்காரர் போகவில்லை. துறைமுகத்தில் கப்பலும் நின்றது, பங்களாக்களில் துரைமாரும் இருந்தார்கள். கப்பலுக்கு எண்ணெய் நிரப்பி வைக்கிற பெரிய தாங்கிகள் காட்டுக்குள் யானைக் கூட்டம் மாதிரி வட்டம் வட்டமாக நின்றன. அந்தத் தாங்கிகளின் வேலிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த ஒரு துண்டு நிலம்தான் மாமியின் வளவு. மாமா ஒரு துரையின் பங்களாவில் தோட்டக்காரராக இருந்தவராம். அவர் பாம்பு கடித்து இறந்தபோது துரை வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று, "நீங்கள் இருக்கும் மட்டும் இந்த இடத்தில் இருங்கள்" என்று சொன்னாராம். காணி உறுதி இல்லை, காகிதம் இல்லை. அந்த ஒரு சொல்தான்.

மாமி அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டார். இருக்கும் மட்டும் என்றால் இருக்க வேண்டும். ஒரு நாள் இல்லாமல் போனால் சொல்லும் போய்விடும். என் தகப்பனார் இறந்த வீட்டுக்கும் அவர் வரவில்லை. "நாங்கள் எல்லாரும் வந்திட்டால் வளவு வெறுமையாக் கிடக்கும் பிள்ளை. வெறும் வளவைக் கண்டால் எவனும் கட்டையை நட்டிடுவான். நீ போய் உன்ரை அழுகையை அழுதுபோட்டு வா" என்றார். கோபம் வந்ததுதான். ஆனால் அவர் சொன்ன விதத்தில் ஒரு பயம் இருந்தது. அதைக் கண்ட பிறகு திட்ட வாய் வரவில்லை.

பயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் மாமிக்குப் பெருமை. பங்களாவில் துணி துவைத்து அழுத்திக் கொடுத்தவர். பிடி உடைந்த சீனக் கோப்பை ஒன்றில்தான் தேத்தண்ணீர் குடிப்பார். அதில் வேறு ஒருவரும் குடிக்கக் கூடாது. எங்கள் குசினியில் நான் நிலத்தில் குந்தியிருந்து காய் நறுக்கினால், "துரைசாணி கண்டால் மயங்கி விழுவா" என்பார். "அவ விழட்டும் மாமி, பிடிக்க நீங்கள் இருக்கிறீங்கள்தானே" என்பேன். எனக்கும் வாய் இருந்தது. இரண்டு பேரும் வாயால் வெட்டிக்கொள்ளுவோம், பிறகு ஒரே சட்டியில் சோறு போட்டுத் தின்போம்.

வெள்ளைக்காரர் கடைசியாகக் கப்பலேறிப் போன வருசம், அந்தத் துரைசாணி மாமியைக் கூப்பிட்டு ஒரு பிஸ்கட் தகரத்தில் வளர்ந்த கன்றைக் கொடுத்தார். பங்களா வாசலில் அழகுக்கு வைத்திருந்த மரத்தின் கன்று. அதன் சரியான பெயர் எங்களுக்குத் தெரியாது. மாமி "பங்களா மரம்" என்றார், நாங்களும் அப்படியே சொன்னோம். தண்டும் கொப்பும் பச்சைத் தோல். இலை என்று சொல்ல ஒன்றுமில்லை, நூல் நூலாகத் தொங்கும். பூக்கத் தொடங்கினால் மரம் முழுக்க மஞ்சள், ஒவ்வொரு பூவிலும் ஓர் இதழில் மட்டும் சிவப்புக் கீறல். வாசமும் உண்டு. பூவுக்குக் கீழே கணுவுக்குக் கணு முள். மாமி அதை வளவு வாசலில் படலைக்குப் பக்கத்தில் நட்டு, ஆடு கடிக்காமல் சுற்றிவரப் பனையோலை கட்டி, முகம் கழுவிய தண்ணீரைக்கூட வீணாக்காமல் ஊற்றி வளர்த்தார். அது முதலில் பூத்த அன்று கதிரையை வெளியில் போட்டு, அந்த உடைந்த கோப்பையோடு அதன் கீழே இருந்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வடிவாகத்தான் இருந்தது, மரமும் மாமியும்.

அந்த வடிவோடு விட்டிருக்கலாம். ஊரில் எல்லாரும் வளவைச் சுற்றிப் பூவரசு, கிளுவை மரத்துக் கொப்புகளை வெட்டிக் கதியாலாக நட்டுத்தான் எல்லை காட்டுவார்கள். கதியால் தளிர்த்து நின்றால் அது வேலி. வேலி நின்றால் அது உன் நிலம். மாமி, கதியாலை எவனும் பிடுங்கிப் போட்டுத் தள்ளி நடுவான், முள் மரத்தைத் தொடமாட்டான் என்று நினைத்தார். பங்களா மரத்தின் காய்களைப் பொறுக்கி, விதையை ஊறவைத்து, வளவின் எல்லை நெடுக ஊன்றினார். உறுதி இல்லாத நிலத்துக்கு அவர் அந்த மரத்தால் உறுதி எழுதினார். "இந்த மரம் நிக்குமட்டும் ஒருத்தனும் உள்ளுக்க கால் வைக்க மாட்டான், பார்" என்றார்.

எங்கள் மிளகாய்த் தோட்டம் வீட்டுக்குப் பின்னால். கோடையில் கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் நானா ஆட்டுப்பட்டியோடு வருவார். பகலில் பற்றைகளில் மேய்த்து, இரவில் யாருடைய தோட்டத்திலாவது அடைப்பார். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் ஊறினால் அடுத்த மாரிக்கு மிளகாய் கொழுத்து நிற்கும். மாமி நானாவோடு சண்டை போட்டு எங்கள் முறையை முன்னுக்கு வாங்குவார். அந்தக் கோடையில் பங்களா மரத்துக் காய்கள் காய்ந்து கச்சான் காற்றில் கொட்டிக் கிடந்தன. ஆடுகள் அதை மிட்டாய் மாதிரித் தின்றன. "பாருங்கோ நானா, வெள்ளைக்காரன் மரமெண்டால் ஆட்டுக்கும் ருசி" என்று மாமி சிரித்தார். பிறகு அந்த ஆடுகளைத் தோட்டத்தில் அடைத்தோம்.

மாரி பெய்தது. மிளகாய்க்கு முன்னம் வேறொன்று முளைத்தது. தோட்டம் முழுக்க, விரித்த பாய் மாதிரி, பச்சை நூல் இலை. ஆட்டின் வயிற்றுச் சூடுதான் விதையை உடைத்து விட்டது. மாமி பிடுங்க விடவில்லை. "நிக்கட்டும் பிள்ளை, வேலிக்கு எடுக்கலாம்" என்று ஆன மட்டும் கிளப்பி நட்டார். அடுத்த கோடையில் நானா வந்து தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். "என்ன நானா இது?" என்று மாமி அவரையே கேட்டார். "என்னக் கேட்டா? என்ட ஆடு திண்டது உங்கட மரத்த, போட்டது உங்கட தோட்டத்துல. நடுவுல நான் என்ன செய்யிற?" என்றார் அவர். இன்னும் ஒரு வருசம் வந்தார். முள் கிழித்து ஆடுகளின் மடியெல்லாம் ரத்தம். போகும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஆட்டுக்கே ஏலாத எடத்துல நீங்க எப்பிடிப் புள்ள இரிக்கிற?" அதற்குப் பிறகு அவர் எங்கள் பக்கம் வரவில்லை.

வெட்டிப் பார்த்தோம். அடியோடு வெட்டினால் அடுத்த மழைக்கு ஒன்றுக்கு நாலாகத் தளிர்த்தது. வேறெந்த ஊரிலும் என்றால் வெட்டிக் காயவைத்து நெருப்பு வைப்பார்கள், முடிந்துவிடும். நாங்கள் எண்ணெய்த் தாங்கிக்குப் பக்கத்தில் இருந்தோம். ஒருமுறை என் புருசன் வெட்டிக் குவித்த முள்ளுக்கு நெருப்புப் பெட்டியை உரசினதுதான் தாமதம், வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற காவற்காரர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். சிங்கள மனிதர், நல்லவர். "நெருப்பு எப்பா அம்மே, வேண்டாம்! எல்லாரும் மேல போறது! நீ, நான், தாங்கி, எல்லாம் மேல!" என்று கையை வானத்துக்குக் காட்டினார். மாமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இவன் எங்களைச் சொர்க்கத்துக்கு அனுப்பப் பாக்கிறான், நாங்கள் விடுறமில்லை" என்றார். அன்றைக்குச் சிரித்தோம். எரிக்க ஏலாத முள் மலை மலையாகக் குவிந்து கிடந்தது. அதற்குள் விழுந்த விதையும் முளைத்தது. வெட்டின முள்ளும் வேலியாகிவிட்டது.

அது போதாதென்று முன்பக்க வழியும் அடைபட்டது. முதலில் நாங்கள் தாங்கிகளின் நடுவால் போகிற தார் ரோட்டில்தான் போய் வருவோம். கண்டி ரோட்டுக்கு ஒரு வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரம். பிறகு அந்த இடத்துக்குப் பெரிய கேற்றைப் போட்டுப் பூட்டினார்கள். உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் பாஸ். தாங்கியில் வேலை செய்த என் புருசனுக்கு இருந்தது. அரிசி, மண்ணெண்ணெய், சேலை எல்லாம் அவர் கையால்தான் வந்தது. எனக்கும் மாமிக்கும் என் மகளுக்கும் பாஸ் இல்லை. எங்களுக்கென்று இருந்தது மிளகாய்த் தோட்டத்தின் நடுவால் போய்ப் பற்றைக்குள்ளால் கண்டி ரோட்டில் ஏறுகிற ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையைத்தான் பங்களா மரம் இரண்டு பக்கமும் இருந்து மூடிக்கொண்டு வந்தது.

என் மகள் கனகாலம் காத்திருந்து பிறந்தவள். ஒரே பிள்ளை. பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பாதையால் போனாள். எனக்குப் படிப்பு இல்லை. இரண்டாம் வகுப்போடு வயலுக்கு இறக்கிவிட்டார்கள். அவளையாவது படிக்கவைக்க வேண்டும் என்பது எனக்கு வெறும் ஆசை இல்லை, வைராக்கியம். ஒவ்வொரு விடியலிலும் நான் காட்டுக்கத்தியோடு முன்னால் போவேன், அவள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் வருவாள். பின்னேரம் அவள் திரும்பும்போது வெள்ளைச் சட்டை எங்காவது கிழிந்திருக்கும். மாமி சட்டையை வாங்கி, வெளிச்சம் படுகிற இடத்தில் கதிரையைப் போட்டு, தைத்த இடம் தெரியாமல் தைப்பார். பங்களாவில் பழகின கை. மரத்தை வெட்டுவோம் என்றால் மட்டும் முகம் மாறும். "தம்பலகாமத்து வெளியில எருமை மாதிரித் திரிஞ்ச உனக்கு வேலியின்ரை அருமை விளங்காது." நான் சொன்னேன்: "எருமையையும் காலமை அவிட்டு விடுவினம் மாமி." அன்றைக்கும் சட்டையைத் தைத்து வைத்திருந்தார். ஒருநாள் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, தனக்குத்தானே சொல்லுகிற மாதிரிச் சொன்னார்: "இதில துணி எங்க இருக்கு? முழுக்க என்ரை தையல்தான் இருக்கு."

அந்த மாரியில் பாதை மூடிவிட்டது. நான் விடவில்லை. தனியாக வெட்டிக்கொண்டு போனேன். பாதி தூரத்தில், வெட்டிப் போட்ட கொப்பு ஒன்றில் கால் வைத்தேன். முள் றப்பர் செருப்பைத் துளைத்துக் குதிக்காலில் ஏறி உள்ளுக்குள்ளேயே முறிந்தது. எப்படி வீட்டுக்குத் திரும்பினேன் என்று ஞாபகம் இல்லை. மாமி என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். மருமகளின் காலை மாமியார் மடியில் வைப்பதா என்று நான் இழுத்தேன். "சும்மா கிட" என்று தொடையில் ஒரு அடி அடித்தார். ஊசியால் கிண்டினார், எருக்கம்பால் விட்டார், எருக்கிலையைச் சுட்ட செங்கல்லில் வைத்து ஒற்றினார். வரவில்லை. கடைசியில் என் காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இது வெளியால வராது பிள்ளை. உள்ளுக்கயே இருக்கட்டும். இருந்து பழகும்." நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். முள்ளைத்தான் சொல்கிறார் என்று தெரியும். ஆனால் கலியாணமாகி வந்த நாள் தொட்டு எல்லாரும் எனக்குச் சொல்லாமல் சொன்னது அதைத்தான்.

மகளின் பள்ளிக்கூடம் நின்றது. என் புருசன் தன் பாஸோடு அவளைக் கேற்றால் கூட்டிப் போகக் கேட்டுப் பார்த்தார். சின்னப் பிள்ளைக்கும் பாஸ் வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். தாயையும் மீறமாட்டார், கேற்றையும் மீறமாட்டார், பாவம், அவர் சுபாவம் அது. "வேற இடம் பாப்பம்" என்று நான் சொன்னால், "அம்மா இருக்கும் மட்டும் பொறு" என்பார். துரை ஒரு சொல் சொன்னார், என் புருசனும் அதே சொல்லைச் சொன்னார். மகள் குசினியில் எனக்குப் பக்கத்தில் குந்தியிருந்து காய் நறுக்கக் கற்றுக்கொண்டாள். அவள் விரல்கள் கத்தியில் கெட்டித்தனமாக ஓடின. வாசலில் நின்றால் மஞ்சள் பூ. பின்பக்கம் பார்த்தால் மஞ்சள் பூ. கடல் இருக்கிறதை மணத்தால் அறிந்தோம், கண்ணால் காண ஏலாது.

மாமி இறந்ததும் பூக்காலத்தில்தான். காய்ச்சல் என்று படுத்தவர் எழும்பவில்லை. கடைசியாக அவர் கேட்டது, "படலை பூட்டிக் கிடக்குதோ?" என்றுதான். ஓம் மாமி என்றேன். பாதை மூடிவிட்டதால் பாடையை வெளியே கொண்டுபோக வழியில்லை என்று என் புருசன் போய் அழ, அன்று ஒரு நாள் மட்டும் பெரிய கேற்றைத் திறந்துவிட அனுமதி கிடைத்தது. சொந்தக்காரரும் அந்த வழியால்தான் உள்ளே வந்தார்கள். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு எங்கள் முற்றத்தில் ஆட்கள் நின்றார்கள்.

எங்கள் வழக்கம் எல்லாருக்கும் தெரியும். பெண்கள் பாடையோடு படலை வரைக்கும்தான். அதற்கு அங்கால் ஆண்கள். நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படலையோடு நின்றேன். பாடையைத் தூக்கிக்கொண்டு பங்களா மரத்தின் கீழால் போனார்கள். கொப்பு தாழ்ந்து கிடந்தது. மாமியின் மேல் போர்த்திருந்த வெள்ளைத் துணியை முள் பிடித்துக்கொண்டது. முன்னால் போனவர்கள் இழுத்தார்கள், துணி கிழிகிற சத்தம் கேட்டது. எல்லாருடைய கையும் பாடையில். கொள்ளிச்சட்டியோடு நின்ற என் புருசன் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் படலையைத் தாண்டிப் போய், எட்டி, ஒவ்வொரு முள்ளாக அந்தத் துணியை விடுவித்தேன். அவசரப்படவில்லை. கிழிந்தால் தைக்க அவர் இல்லை. பூக்கள் அவர் மேல் கொட்டின. முகத்தில் விழுந்த ஒன்றை எடுத்துவிட்டேன். பாடை நகர்ந்தது.

நான் படலைக்கு வெளியில் நின்றேன். முன்னால் தார் ரோடு. ரோட்டின் முடிவில் கேற் திறந்து கிடந்தது. திரும்பி மகளைப் பார்த்தேன். "வா" என்றேன். அவள் வந்தாள். பாடைக்குப் பின்னால் நடந்தோம். குதிக்கால் ஒவ்வொரு அடிக்கும் குத்தியது. என் புருசனின் பெரியப்பா திரும்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளை! பொம்பிளையள் படலையோட நிக்கிறது. சுடலைக்கு வாறேல்லை!" என்று சத்தம் போட்டார். "நான் சுடலைக்கு வரேல்லை பெரியையா. ரோட்டுக்கு வாறன்" என்றேன். கேற்றடியில் அதே காவற்காரர். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்திருந்தார். பாடை போனது, ஆண்கள் போனார்கள். நானும் மகளும் கடைசி. பாஸ் கேட்பார் என்று நினைத்தேன். என் நொண்டுகிற காலைப் பார்த்தார். கேற்றை இன்னும் கொஞ்சம் அகலத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "கெதியா போ அம்மே" என்றார்.

கண்டி ரோட்டில் பாடை ஒரு பக்கம் திரும்பியது, நாங்கள் மற்றப் பக்கம் திரும்பினோம். அப்போது நான் அழுதேன். மாமி செத்ததுக்குத்தான் அழுதேன், வேறெதற்கும் இல்லை. உழவு மெசின் ஒன்று நெல் இறக்கிவிட்டு வெறும் பெட்டியோடு தம்பலகாமத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டினவர் நிறுத்தி, "இதென்ன, எங்கட ஊர்ப் பிள்ளையல்லோ" என்று கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். ஊருக்குள் திரும்புகிற இடத்தில் வயல் வெளி திறந்தபோது மகள் என் சேலையை இறுக்கிப் பிடித்தாள். அவ்வளவு வெளியை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

சாம்பல் அள்ளுகிற காடாத்து முடிய என் புருசன் வந்தார். "வீடு வெறுமையாக் கிடக்கு, வா" என்றார். "வெறுமையாக் கிடந்தால் ஆரும் எடுப்பினம் எண்டு மாமி சொன்னவ. எடுக்கட்டும்" என்றேன். அவர் கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவிக்கொண்டு வந்து இருந்தார். முப்பத்தோராம் நாள் கன்னியாவில் அந்தியேட்டி செய்தோம். பிறகு அன்புவழிபுரத்தில் ஒரு துண்டுக் காணி பார்த்து வந்தோம். மாமியின் வளவை ஒருவரும் எடுக்கவில்லை. வாழ்நாள் முழுக்க அவர் யாருக்குப் பயந்தாரோ அந்த ஆள் வரவேயில்லை. வேலைக்குப் போய் வந்த நாளில் என் புருசன் சொல்லுவார், முள்ளுக்கு மேலால் வீட்டு ஓடு தெரிகிறது என்று. பிறகு, தெரியவில்லை என்றார்.

மகள் திரும்பப் படித்தாள். கனக்க இல்லை. ஆனால் நினைத்த நேரம் படலையைத் திறந்து போகவும் வரவும் தெரிந்த பெண்ணாக இருக்கிறாள். எனக்கு அது போதும்.

போன மாரியில் பக்கத்து வீட்டுப் பெண் தன் படலையடியில் ஒரு கன்று நட்டிருந்தாள். பச்சைத் தோல், நூல் இலை. யாரோ பூச்சட்டி விற்கிறவனிடம் வாங்கினாளாம். "பூத்தால் நல்ல வடிவாம் அம்மா" என்றாள். "ஓம், வடிவுதான் பிள்ளை. காய் விழ முன்னம் வெட்டு" என்றேன். அவள் சிரித்தாள், நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தாள். வீட்டுக்குள் வந்து கட்டிலில் இருந்து குதிக்காலை அழுத்திப் பார்த்தேன். இருந்தது. இருந்து பழகும் என்று மாமி சொன்னார். எத்தனையோ மாரி போய்விட்டது மாமி, அது பழகவில்லை. நானும் பழகவில்லை.